கோட்டுக்கு வெளியே ஒரு கடல்

சேதுசமுத்திரக் கால்வாயின் திட்ட வரைபடத்தில் வேம்பார் என்ற கடலோர ஊரைத் தேடினால் கிடைக்காது. 167 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம், தனுஷ்கோடிக்குக் கிழக்கே ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளை அறுத்துக்கொண்டு வடக்கே ஏறி, பாக் விரிகுடாவைக் கடந்து வங்கக் கடலில் போய்ச் சேர்கிறது. திட்டுகளை வெட்டுகிற இடத்துக்கும் வேம்பார்க் கடற்கரைக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீர் கிடக்கிறது. பொறியாளர் பார்வையில் வேம்பார் தொலைவிலுள்ள ஊர். ஆனால் கடலில் தொலைவை அளக்கும் முறை வேறு. ஒரு திட்டத்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை ஆராயும் எவரும் முதலில் தீர்மானிக்க வேண்டியது எங்கே எல்லை போடுவது என்பதைத்தான். அந்த எல்லையைப் போட்ட கணமே பாதி விடை எழுதப்பட்டுவிடுகிறது. சேது மதிப்பீட்டின் முக்கியமான குறை அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

திட்டத்தின் வயது பெரியது. 1860இல் ஏ. டி. டெய்லர் என்ற கடற்படை அதிகாரி முதன்முதலாக இதை முன்வைத்தார். இலங்கையைச் சுற்றாமல் இந்தியாவின் மேற்கிலிருந்து கிழக்குக்குக் கப்பல் போக வேண்டும் என்பது எண்ணம். அதன்பின் பல தடங்கள் வரையப்பட்டன, பல குழுக்கள் அமைந்தன. 1955இல் அமைந்த ஏ. ராமசாமி முதலியார் குழு, ஆதம் பாலத்தின் நகரும் மணல்திட்டுகளுக்கு நடுவே வெட்டுவதைக் கைவிட்டு, நிலத்தை வெட்டுவதே நல்லது என்று சொன்னது. 1967இல் அண்ணா இத்திட்டத்துக்காக எழுச்சி நாள் நடத்தினார். தெற்கத்திச் சீமைக்கு ஒரு பெரிய துறைமுகமும் தொழிலும் வேலையும் வர வேண்டும் என்ற ஆசையில் பிழையில்லை. வ.உ.சி. கப்பல் விட்ட ஊர்க்காரர்களுக்கு அந்த ஆசை இன்னும் கூடுதலாக இருந்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேள்வி வேறு: வெட்டினால் இந்தக் கடலுக்கும் இதை நம்பியிருப்பவர்களுக்கும் என்ன ஆகும்?

அதற்கு விடை சொல்லும் பொறுப்பு நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திடம், அதாவது நீரியிடம், தரப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்காக நீரி தன் அறிக்கையை 2004இல் முடித்தது. 2005 மார்ச் 31இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியது. அதே ஆண்டு ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் ₹2,427 கோடித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

சூயசையோ பனாமாவையோ மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கால்வாயைப் பார்க்கக் கூடாது. அவற்றுக்குக் கரை உண்டு. இதற்குக் கரை கிடையாது. ஆழமற்ற கடலின் அடியில் 300 மீட்டர் அகலத்தில், 12 மீட்டர் ஆழம் கிடைக்கும்படி தோண்டப்படும் ஒரு நீண்ட பள்ளம்தான் இது. அலைவாய்க்கரை ஈரமணலில் குழந்தை தோண்டும் குழிக்கு என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும்: சுவர் சரியும், தண்ணீர் கொண்டுவரும் மணல் உள்ளே இறங்கும். ஆகவே ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. கப்பல் போகும் காலம் முழுவதும் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் வெட்டில் மட்டும் எடுக்க வேண்டிய மண் 8.25 கோடி கன மீட்டர் என்பது திட்டக் கணக்கு. ஆதம் பாலத்தில் 4.8 கோடி, வடக்கே பாக் நீரிணையில் மீதி. மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவின் 560 சதுர கிலோமீட்டரிலும் இந்த மண்ணைச் சமமாகப் பரப்பினால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். யாரும் அப்படிப் பரப்பப் போவதில்லை. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். அறிக்கையின்படி ஆதம் பாலத்தில் எடுக்கும் மணலைக் கொண்டுபோய் மன்னார் வளைகுடாவின் ஆழமான பகுதியில் கொட்ட வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் நொடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் தண்ணீரில் இறங்கும். 12 மீட்டர் ஆழத்தை அது பத்து நிமிடத்தில் தொட்டுவிடும். நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஓடும் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், அதற்குள் அந்தத் துகளை நூற்றிருபது மீட்டர்தான் தள்ளியிருக்கும். நுண்துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாக விழும் என்பது ஸ்டோக்ஸ் வகுத்த விதி; மணலளவில் அது முழுவதும் பொருந்தாது. 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் ஏழு கிலோமீட்டர் போய்விடும். களிமண் துகள் இன்னும் பத்தில் ஒரு பங்கு சிறியது. தனியாக விட்டால் அது கீழே சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். உப்புநீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு சீக்கிரம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அலையும் காற்றும் அடியைக் கலக்கினால் இறங்கியது மீண்டும் எழும். ஆகவே எவ்வளவு மண் என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. எந்த அளவுத் துகள், எந்த மாதத்தில், எந்த நீவாட்டில் என்று கேட்டால்தான் அந்த மண் எந்த ஊர்க் கடலுக்குப் போகும் என்று தெரியும்.

மாதம் இங்கே மிக முக்கியம். வாடைக் காலத்தில் வங்கக் கடலின் தண்ணீர் பாக் விரிகுடா வழியாகத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்தில், சோழகம் வீசும் நாள்களில், ஓட்டம் திரும்புகிறது. அதாவது இரண்டு கடல்களும் ஆண்டுக்கு இருமுறை தங்களுக்குள் தண்ணீரை மாற்றிக்கொள்கின்றன. நடுவே மேலெழுந்து கிடக்கும் மணல்திட்டுத் தொடர் அந்தப் போக்குவரத்தை மட்டுப்படுத்துகிறது. அதில் 300 மீட்டர் அகல வாய் திறந்தால் நீவாடு எப்படி மாறும் என்பதைச் சில மாத அளவீடு சொல்லிவிடாது. குறைந்தது ஒரு முழு ஆண்டு, நியாயமாகப் பல ஆண்டுகள், புயல் வந்த ஆண்டும் வராத ஆண்டும் சேர்த்து அளக்க வேண்டும்.

மண் ஊர்களையே இடம்மாற்றியதற்கு இந்தக் கரையில் சாட்சி இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலை ஒதுக்கித் தள்ளிவிட்டது. கொற்கைக்குப் பின் எழுந்த காயலும் அப்படியே உள்ளே போயிற்று.

வேம்பாருக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது இந்த ஊர். வெளியூர்க்காரர்களுக்கு வேம்பார் என்றால் கருப்பட்டி. கடலோரத்தாருக்கு, பரதவரின் பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. எதிரே கடலில் உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவு என மூன்று தீவுகள். தேசியப் பூங்காவின் 21 தீவுகளை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். இந்த மூன்றும் வேம்பார்க் கூட்டம். பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் வந்தது. வளைகுடா முழுவதிலும் 3,600க்கு மேற்பட்ட உயிரினங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களும் பதிவாகியிருக்கின்றன.

தீவைச் சுற்றிப் பவளப்பாறை, பாறைக்கும் கரைக்கும் நடுவே கடற்புல், வெளியே மணலும் பாரும் என்று அடுக்கடுக்காக அமைந்த கடல் இது. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. தண்ணீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் பாசி பட்டினி, பாசி பட்டினி கிடந்தால் பவளமும் பட்டினி. மேலே விழும் மண்ணைப் பவளம் தன் கோழையால் தள்ளிவிடப் பார்க்கும். அதற்கும் ஆற்றல் செலவாகும். கடற்புல்லுக்கும் வெளிச்சம்தான் உயிர். கடற்புல் போனால் அதைத் தின்று வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவும், அதில் குஞ்சு பொரித்து வளரும் இறாலும் நண்டும் போகும். வேம்பார் வள்ளக்காரரின் வலையில் வரும் நண்டும் கணவாயும் சாளையும் சிங்கி இறாலும் இந்த அடுக்கின் விளைச்சல்.

இனி முத்துச்சிப்பி. கரையிலிருந்து பத்திருபது கிலோமீட்டருக்கு வெளியே, ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) முதல் பன்னிரண்டு பாகம் வரை ஆழத்தில், கடலடிப் பாறைமேடுகளாகப் பார்கள் கிடக்கின்றன. முத்துக்குளிப்பு எந்தக் காலத்திலும் ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி பெருகும்போது நான்கைந்து ஆண்டு தொடர்ந்து நடக்கும். பிறகு பார்கள் பல ஆண்டு வெறுமையாகிவிடும். இந்தக் கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை. முத்துச்சிப்பியின் இளம் உயிர் பிறந்து மூன்று வாரம் போல நீவாட்டில் மிதந்து திரிகிறது. அதன்பின் ஏதாவது ஒரு கடினமான பாறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாறைமேல் மெல்லிய வண்டல் படிந்திருந்தாலே ஒட்ட முடியாது. ஒரு பாரில் நிற்கும் சிப்பியின் தாய் எங்கோ இன்னொரு பாரில், ஒருவேளை இலங்கைப் பக்கத்திலேயேகூட, இருக்கலாம். மூன்று வாரம் நீவாடு சுமந்துபோகும் உயிருக்கு நூறு கிலோமீட்டர் பெரிய தொலைவில்லை. கால்வாய்த் தடத்திலிருந்து பூங்காவின் சிங்கில் தீவு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அறிக்கை ஆறுதல் சொல்கிறது. 20 கிலோமீட்டர் என்பது நில அளவையாளருக்குத்தான் இடைவெளி.

கடலில் ஓரிடத்தில் இட்டது இன்னோரிடத்தில் முளைத்த கதையும் நம்மிடம் உண்டு. மண்டபம் பக்கம் பாக் விரிகுடாவில் வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். 1869இல் சூயஸ் திறந்தபோது செங்கடல் உயிரினங்கள் மத்தியதரைக் கடலுக்குப் போகும் என்று யாரும் திட்டக் கணக்கில் எழுதவில்லை. நூற்றுக்கணக்கான இனங்கள் போய்க் குடியேறிவிட்டன, இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன. சேதுத் தடத்தில் கப்பல்கள் கொண்டுவந்து கொட்டும் நிலைப்புநீர் எந்தெந்தத் துறைமுகத்து உயிர்களை இங்கே இறக்கும் என்பது, மண்ணைப் போலவே கனமான கேள்வி.

இந்தக் கடல் அடிபடாத கடலும் அல்ல. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தோம். அதன் விளைவாக விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடியில் ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களுடன் 1974இல் புதிய துறைமுகம் வந்தது. அனல்மின் நிலையம் வந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கால்வாயின் தாக்கத்தைத் தனியாக எடுத்து அளந்து, சிறிது என்று சொல்வது எளிது. காய்ச்சலில் கிடக்கும் பவளத்தின்மேல் விழும் அதே மண், நலமான பவளத்தின்மேல் விழும் மண்ணைவிடக் கொடியது. முன்பு நடந்தவற்றோடு சேர்த்துக் கூட்டுத் தாக்கத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

சமூகத் தாக்கம் என்ற பகுதியில் எல்லைப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. நிலத்தில் கால்வாய் வெட்டினால் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு, யார் வயல் போகிறது என்று எழுதிவிடலாம். கடலுக்குப் பட்டா இல்லை. ஆனால் உரிமை இல்லாத இடமும் இல்லை. கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துத் தன் பாரைக் கண்டுபிடிக்கும் மீனவருக்கு அந்தப் பார் அவர் தாத்தாவிடமிருந்து வந்த சொத்து. எந்த ஊரார் எந்த மாதத்தில் எந்தப் பாருக்குப் போகிறார்கள் என்ற வரைபடம் இல்லாமல், எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று எப்படி எழுத முடியும்? கப்பல் வரும் நேரத்தில் படகுகள் ஒதுங்க வேண்டும். இரவில் பாய்ச்சிய வலையைக் கப்பல் அறுத்துக்கொண்டு போகும். மண் கொட்டும் இடத்தில் மடி இழுக்க முடியாது. ஆழத்துக்குப் போக முடியாதபோது விசைப்படகுகளும் கரையை நெருங்கும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலின் ஒரு பகுதியை நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஏற்கெனவே அந்த வரம்பு மீறப்படுகிறது என்பதுதான் இக்கரையின் தீராத சண்டை. கடலில் இடம் சுருங்கச் சுருங்க அந்தச் சண்டை வேம்பார்க் கரைக்கும் நெருங்கும். மீன் குறைந்தால் முதலில் வருமானம் இழப்பவர்கள் ஏலத்தில் கூடை எடுத்து ஊர் ஊராக விற்கும் பெண்களும் கருவாடு போடும் பெண்களும். படகு வைத்திருப்பவருக்கு இழப்பீடு என்று வரும் நாளில் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளில் மக்கள் கருத்துக்கேட்பு 1997இல் கட்டாயமானது. சேதுவுக்காகக் கடலோர மாவட்டங்களில் நடந்த கூட்டங்களில் மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மொழியாலும் நடையாலும் அறிக்கை அவர்களுக்கு எட்டாமல் இருந்தது ஒரு காரணம். தங்கள் கடலைப் பற்றிய அறிவு அதில் இடம்பெறவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 2004 டிசம்பர் 26 வந்தது. நீரி தன் அறிக்கையை முடித்தது ஆழிப்பேரலைக்கு முன்பு. கால்வாய்ப் பள்ளம் அலையின் ஆற்றலை உள்ளே இழுத்துவிடுமோ என்று ஆழிப்பேரலை வல்லுநர் டாட் மூர்த்தி எச்சரித்தார். நிலவியலாளர் சி. பி. ராஜேந்திரன் கரண்ட் சயின்ஸ் இதழில், மண் படிவு குறித்தும் புயல் குறித்தும் கவலை எழுப்பினார். 2005 மார்ச்சில் பிரதமர் அலுவலகமே இத்தகைய கேள்விகளைத் துறைமுகத்துக்கு அனுப்பியது. அதே மாதக் கடைசியில் அனுமதியும் வந்துவிட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்த கடல் இது. மதிப்பீட்டை நிறுத்தி, புதிய அறிவோடு மறுபடி எழுதச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது.

ஆதாயக் கணக்கையும் ஒரு வரி பார்க்கலாம். 30 மணி நேரம் மிச்சம் என்று பேசப்பட்டது தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கப்பலுக்குத்தான். ஐரோப்பாவிலிருந்து வருகிற கப்பல் குமரிமுனைக்குத் தெற்கே நேராகப் போகும் வழியைவிட்டு வடக்கே திரும்பி, வேகத்தைக் குறைத்து, வழிகாட்டி ஏற்றி, கட்டணமும் கட்ட வேண்டும். அதற்கு மிச்சம் மிகக் குறைவு என்று ஜேக்கப் ஜான் 2007இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் கணக்கிட்டுக் காட்டினார்.

பிறகு நடந்தது எல்லாரும் அறிந்ததே. ஆதம் பாலமே ராமர் பாலம் என்ற நம்பிக்கையின் பெயரால் வழக்குகள் வந்தன. 2007 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டுகளைச் சேதப்படுத்தத் தடை விதித்தது. மாற்றுத் தடத்தை ஆராய 2008இல் அமைந்த ஆர். கே. பச்சௌரி குழு, அதுவும் பொருளாதாரத்துக்கோ சூழலுக்கோ பொருந்தாது என்றது. 2018இல் மத்திய அரசு திட்டுகளைத் தொட மாட்டோம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தீர்மானம் போட்டது. பாலம் மனிதர் கட்டியதா இயற்கையா என்று நாடே வாதிட்ட ஆண்டுகளில், அந்த மணலுக்கு இருபுறமும் உள்ள கடலைப் புதிதாக அளப்பது பற்றிப் பெரிதாகப் பேச்சு எழவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

தீர்மானங்கள் வரும், மீண்டும் ஒரு மதிப்பீடு எழுதப்படலாம். அப்படி எழுதினால் வேம்பாருக்கு எதிரே நீவாட்டையும் கலங்கலையும் வாடைக்கும் சோழகத்துக்கும் தனித்தனியே அளக்கும் கருவி நிற்க வேண்டும். ஊரார் தரும் தகவலில் பார்களின் வரைபடம் தயாராக வேண்டும். முத்துச்சிப்பிப் பார்களைப் பற்றி மீன்வளத் துறையிடமும் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திடமும் சேர்ந்திருக்கும் பழைய பதிவுகளை அடிப்படைத் தரவாகச் சேர்க்க வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மீனவரையும் கேட்க வேண்டும். நீவாட்டுக்குச் சர்வதேச எல்லை தெரியாது.

இதற்கெல்லாம் முன்பே செய்துவிடக்கூடிய ஒரு வேலையும் உண்டு. பாக் நீரிணையில் 2009 வரை தூர்வாரி, அப்படியே விட்ட பள்ளம் இருக்கிறது. திட்டத்துக்குச் செலவான நூற்றுக்கணக்கான கோடிகளில் ஒரு பகுதி அதில்தான் போயிற்று. எந்த ஆண்டில் எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது என்ற அளவு அன்றைக்கே பதிவாகியிருக்கும். இன்று அதே இடத்தில் மறுபடி ஆழம் பார்த்தால், அது எவ்வளவு தூர்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து மண் வந்திருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு வாரிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பது வெளிப்படும். தீர்ப்புக்கும் புதிய தடத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சிறிய ஆய்வுக் கப்பலும், ஒலியலையால் ஆழம் பார்க்கும் கருவியும், கடலை அறிந்த இரண்டு மீனவரும் போதும்.